முட்டித் தேய்மானம்: 2022-இல் கிரேடு 3, இப்போது கிரேடு 2 என்று வருமா?

பாலாற்றங்கரை
ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் முட்டி விஷயமாக ஒரு சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு வயது 61. குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்துச் சம்மணம் போட்டால், காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை அதே இடம்தான். இப்போது வலது முட்டியை மடக்க முடியவில்லை. "குந்தினா எழுந்துக்க முடியலடா, எழுந்தாலும் நாலு அடி வரைக்கும் கால் எம்பேச்சு கேக்கல" என்கிறார்.

2022-இல் ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது பக்கம் கிரேடு 3 என்று ரிப்போர்ட் வந்தது. போன மாதம் வேறொரு இடத்தில் எடுத்தோம். அதில் வலது பக்கம் கிரேடு 2. வலி முன்பைவிட அதிகம், தேய்மானம் மட்டும் குறைந்திருக்கிறது. எப்படி?

நடுவில் பக்கத்து ஊரில் ஒருவரிடம் மூலிகை எண்ணெய் வாங்கித் தடவி வந்தோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஜவ்வு வளர ஆரம்பிச்சிருச்சு, விடாம தடவுங்க" என்கிறார். அம்மா அதை முழுசாக நம்புகிறார். பீடிக்கூலியில் வாழ்ந்த வீட்டுக்கு அந்த எண்ணெய் விலை சின்ன விஷயம் இல்லை.

ஸ்கேன் சென்டரில் கேட்டால், எம்.ஆர்.ஐ எடுத்தால் தெளிவாகத் தெரியும், வருடா வருடம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவசியமா? தேய்மானம் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

எக்ஸ்ரே_அறை
ஞாயிறு, இரவு 9:47

தம்பி, நான் வேலூரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன். வேறு எதையும் பேசுவதற்கு முன் இரண்டு பிலிமையும் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வலது, இடது என்று எழுத்து இருக்கும். அதன் பக்கத்தில் 'ஸ்டேண்டிங்' என்றோ 'வெயிட் பேரிங்' என்றோ எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அம்மாவையே கேளுங்கள், நிற்க வைத்து எடுத்தார்களா, மேஜையில் படுக்க வைத்து எடுத்தார்களா என்று. அவருக்கு நினைவிருக்கும்.

பாலாற்றங்கரை
ஞாயிறு, இரவு 10:20

பார்த்துவிட்டேன் அக்கா. 2022 பிலிமில் 'ஸ்டேண்டிங்' என்று இருக்கிறது. புதியதில் ஒன்றும் எழுதவில்லை. அம்மா "படுக்க வெச்சுத்தான் எடுத்தாங்க, நிக்க வேணாம்னாங்க" என்கிறார். முட்டி வலி என்று சொன்னதால் பாவம் பார்த்துப் படுக்க வைத்திருப்பார்கள் போல.

எக்ஸ்ரே_அறை
ஞாயிறு, இரவு 10:58

அப்படியென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எண்ணெய்க்காரர் ஜவ்வு என்கிறாரே, எலும்பு முனைகளை மூடியிருக்கும் மெத்தை, அந்தக் குருத்தெலும்பு வளரவில்லை. படம் எடுத்த விதம் மாறியிருக்கிறது.

குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. மேலே தொடை எலும்பு, கீழே கெண்டை எலும்பு, நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி, அவ்வளவுதான் தெரியும். அந்த இடைவெளி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் குருத்தெலும்பு எவ்வளவு தேய்ந்தது என்று ஊகிக்கிறோம். நிற்கும்போது உடம்பு எடை இறங்கி, தேய்ந்த பக்கம் எலும்புகள் நெருங்கும். படுத்தால் எடை இல்லை. தேய்ந்து போன மூட்டும் அகலமாகவே தெரியும். தேய்மானம் பார்க்கப் படுக்க வைத்து எடுத்த படத்தால் பயன் மிகக் குறைவு.

நிற்க வைத்து எடுப்பதிலும் விதம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் முட்டியை நேராக நீட்டி நிற்கச் சொல்லி முன்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். அதிலும் ஒரு குறை உண்டு. தொடை எலும்பின் குருத்தெலும்பு முதலில் தேய்வது பெரும்பாலும் சற்றுப் பின்பக்கத்தில், முட்டியைக் கொஞ்சம் மடக்கும்போது கீழ் எலும்பைத் தொடுகிற இடத்தில். கால் நீட்டி நின்றால் அந்த இடம் அழுத்தத்தில் வராது. அதனால் ஆராய்ச்சிகளில் முட்டியை லேசாக மடக்கி நிற்க வைத்து எடுக்கிறார்கள். நோயாளி படம் பதியும் தட்டைப் பார்த்து நிற்க வேண்டும். கால் பெருவிரல் நுனி, முட்டி, தொடை மூன்றும் தட்டில் ஒட்ட வேண்டும். பாதங்கள் 10 டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எக்ஸ்ரே குழாயைப் பின்னாலிருந்து 10 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து எடுப்போம். பெருவிரலும் தொடையும் ஒட்டினாலே முட்டி தானாகத் தேவையான அளவு மடங்கிவிடும். அதுதான் அந்த முறையின் அழகு. அடுத்த வருடம் வேறு யார் எடுத்தாலும் அதே கோணம் வரும்.

சரியாக வந்ததா என்று படத்திலேயே பார்க்கலாம். கீழ் எலும்பின் மேல்தளத்துக்கு முன்விளிம்பு, பின்விளிம்பு என்று இரண்டு கோடு தெரியும். அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் கதிர் மூட்டுக்குள் நேராகப் போயிருக்கிறது. விலகியிருந்தால் நான் திரும்ப எடுப்பேன். கூட்டம் இருக்கிற நாளிலும் எடுப்பேன். அந்த ஒரு படத்தை நம்பித்தான் நாளைக்கு ஒரு மருத்துவர் "முன்பைவிட மோசம்" என்றோ "அப்படியே இருக்கிறது" என்றோ சொல்லப்போகிறார்.

குழித்தறி
திங்கள், காலை 6:35

எக்ஸ்ரே அம்மா சொல்வது புரிகிறது. தறியில் பாவு தளர்ந்து கிடக்கும்போது அளந்தால் ஒரு அளவு, இழுத்துக் கட்டிய பிறகு அளந்தால் வேறு அளவு. தளர்ந்த பாவை அளந்துவிட்டு நீளம் மாறிவிட்டது என்று சொன்னால் மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார்.

எனக்கும் இரண்டு முட்டியும் போய்விட்டது. குழியில் கால் விட்டு மிதி மிதித்தே வயசாகிவிட்டது. என் பிலிமில் நான் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது சரியா என்று யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி_பிக்சல்
திங்கள், காலை 8:10

ஐயா, அந்த அளவை நம்ப வேண்டாம். இப்போதெல்லாம் படம் கணினியில் இருக்கிறது. பிலிமில் அச்சடிக்கும்போது தாளுக்குத் தகுந்தபடி சுருக்கி அடிப்பார்கள். ஒரு வருடம் இரண்டு முட்டியும் ஒரே பிலிமில், அடுத்த வருடம் ஒரு முட்டிக்கு ஒரு பிலிம் என்றால் ஸ்கேலில் வருவது இரண்டும் வேறு வேறு. படத்தை டைகாம் என்கிற மருத்துவப் படக் கோப்பாகச் சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு புள்ளியின் அளவும் பதிந்திருக்கும், கணினியில் மில்லிமீட்டராக அளக்கலாம்.

எலும்பு மூட்டுப் படங்களைக் கணினியில் அளப்பதுதான் என் ஆராய்ச்சி வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

// வலது பக்கம் கிரேடு 3 //

இந்த கிரேடு 1957-இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் கெல்கிரன், லாரன்ஸ் இருவரும் வகுத்தது. 0 முதல் 4 வரை. எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளர்ச்சி இருக்கிறதோ இல்லையோ என்ற சந்தேகத்துக்கு 1. முள் நிச்சயமாகத் தெரிந்தால் 2. இடைவெளி நிச்சயமாகக் குறுகியிருந்தால் 3. எலும்போடு எலும்பு உரசுகிற அளவுக்கு வந்து வடிவமே கெட்டிருந்தால் 4. ஊர் மக்களில் எத்தனை பேருக்கு மூட்டு நோய் என்று கணக்கெடுக்க நல்ல அளவுகோல். ஒரே ஆளைத் தொடர்ந்து கவனிக்க இது போதாது. கொஞ்சம் குறுகியவரும் 3, முக்கால்வாசி குறுகியவரும் 3. பல வருடம் தேய்ந்துகொண்டே போனாலும் எண் மாறாமல் இருக்கலாம். ஒரே படத்தை இருவர் பார்த்து ஒருவர் 2 என்றும் மற்றவர் 3 என்றும் எழுதுவதும் சகஜம்.

கிரேடை விட்டுவிட்டு இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்தால் கொஞ்சம் மேல். நல்ல முட்டியின் உள்பக்க இடைவெளி ஏறக்குறைய 4, 5 மி.மீ இருக்கும். தேய்மானம் உள்ளவர்களுக்கு அது சராசரியாக வருடத்துக்கு 0.1 மி.மீ அளவில் குறைகிறது. தலைமுடிக் கனம். கால் கொஞ்சம் திரும்பி நின்றாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் படத்தில் வந்துவிடும். அக்கா ஏன் அவ்வளவு பிடிவாதமாகப் பாதத்தைத் திருப்புகிறார் என்பது இதில் தெரியும்.

இன்னொன்று. அந்த இடைவெளியில் குருத்தெலும்பு மட்டும் இல்லை, இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் மெத்தையான மெனிஸ்கஸும் இருக்கிறது. மெனிஸ்கஸ் கிழிந்து ஓரத்துக்கு நழுவினால், குருத்தெலும்பு தேயாமலே இடைவெளி குறையும். எக்ஸ்ரே இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

இந்த இடத்தில்தான் எம்.ஆர்.ஐ வருகிறது. குருத்தெலும்பு, மெனிஸ்கஸ், எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோர்ப்பு, மூட்டு உறையின் வீக்கம் எல்லாம் நேரடியாகத் தெரியும். மெல்லிய அடுக்குகளாக எடுத்த படங்களில் குருத்தெலும்பின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் கோடு போட்டுப் பிரித்து, கணினியில் முப்பரிமாணமாக அடுக்கினால் முழுப் பரப்பிலும் கனத்தை அளக்கலாம். முன்பு ஒரு முட்டிக்குக் கையால் கோடு போடவே மணிக்கணக்கில் ஆகும். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் மென்பொருள் செய்கிறது.

அமெரிக்காவில் 2004-இல் ஆள் சேர்க்கத் தொடங்கிய ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் இனிஷியேடிவ் என்ற பெரிய ஆய்வுதான் இதற்கெல்லாம் அடித்தளம். 45 முதல் 79 வயது வரை 4,796 பேர். 3 டெஸ்லா என்ற காந்த பலம் உள்ள எம்.ஆர்.ஐ, எக்ஸ்ரே இரண்டையும் பல வருடம் தொடர்ந்து எடுத்தார்கள். படங்களை உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளரும் கேட்டு வாங்கலாம். காட்பாடியில் உட்கார்ந்து நான் வேலை பழகியது அந்த முட்டிகளில்தான்.

சமீப வருடங்களில் வந்த முன்னேற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வண்ண வரைபடம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதில் நல்ல வேலை செய்திருக்கிறது. முட்டியின் முழுப் பரப்பையும் விரித்து, முந்தைய படத்தோடு பொருத்தி, எங்கே மெலிந்தது, எங்கே தடித்தது என்று நிறத்தால் காட்டுவார்கள். இது ஏன் தேவை என்றால், ஆரம்பத்தில் குருத்தெலும்பு ஓரிடத்தில் மெலியும், இன்னோரிடத்தில் நீர் கோத்து வீங்கும். மொத்தமாகச் சராசரி எடுத்தால் இரண்டும் கழிந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். வரைபடத்தில் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

எம்.ஆர்.ஐ-யிலேயே டி2, டி1ரோ என்று வேறு வகை அளவீடுகளும் உண்டு. கனம் குறைவதற்கு முன்பே குருத்தெலும்புக்குள் நீரும், கொலாஜன் என்ற புரத நார்களும், நீரைப் பிடித்து வைக்கும் புரோட்டியோகிளைக்கனும் மாறத் தொடங்குகின்றன. அந்த மாற்றத்தைப் பிடிக்க இவை முயல்கின்றன. இப்போதைக்கு இவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான்.

பாலாற்றங்கரை
திங்கள், காலை 8:55

ரொம்ப நன்றி அண்ணா. அப்போது வருடா வருடம் எம்.ஆர்.ஐ எடுத்தால் தேய்மானம் கூடுவது தெரிந்துவிடும் இல்லையா? கடன் வாங்கியாவது எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

காட்பாடி_பிக்சல்
திங்கள், மதியம் 1:15

கடன் வாங்க வேண்டாம் தம்பி. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்ன அளவீடு எதுவும் ஊரில் கொடுக்கிற ரிப்போர்ட்டில் வராது. ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்து, குருத்தெலும்பு மெலிந்திருக்கிறது, இந்த இடத்தில் முழுதாகப் போய்விட்டது என்று எழுதுவார். அது மருத்துவத்துக்குப் பயன்படும். ஆனால் போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் குறைந்தது என்று அதில் இருக்காது. அளந்தாலும் சிக்கல்தான். தேய்மானம் உள்ள முட்டியில் குருத்தெலும்பு சராசரியாக வருடத்துக்கு 1, 2 சதவீதம் குறைகிறது. ஒரே ஆளை இரண்டு முறை அளந்தால் அளவீட்டிலேயே அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் வந்துவிடும். முதல் வருடம் ஒரு மெஷின், அடுத்த வருடம் இன்னொரு மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம்.

நூற்றுக்கணக்கானவர்களை அளந்து சராசரி பார்க்கும்போதுதான் இதன் பலம் தெரியும். ஸ்பிரிஃபெர்மின் என்று ஒரு ஊசி மருந்து. 549 பேரிடம் சோதித்து 2019-இல் முடிவு வெளியிட்டார்கள். அதிக அளவு மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் குருத்தெலும்பு சராசரியாக 0.05 மி.மீ கூடியிருந்தது. மருந்து இல்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 0.02 மி.மீ குறைந்திருந்தது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ பிடித்தது. ஆனால் வலியில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

தேய்மானத்தை நிறுத்துவதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் ஒன்றுகூட இல்லை. எக்ஸ்ரேயை மட்டும் நம்பினால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே பல வருடமும் ஏராளமான ஆட்களும் வேண்டும். படம் துல்லியமானால் அந்தக் காலம் குறையும். அதற்காகத்தான் நாங்கள் இதில் மெனக்கெடுகிறோம். அம்மாவுக்கு வருடா வருடம் எம்.ஆர்.ஐ எடுப்பதற்காக இல்லை.

எண்ணெய்க்காரருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மூட்டுக்குள் நேரடியாக ஊசி போட்டு இரண்டு வருடத்தில் கிடைத்ததே 0.05 மி.மீ. மேலே தடவிய எண்ணெயில் கிரேடு 3 கிரேடு 2 ஆகாது. சூடு பறக்கத் தேய்த்தால் தசைக்கு இதமாக இருக்கும், அதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நல்லெண்ணெய் போதும்.

ராணிப்பேட்டைக்காரன்
திங்கள், இரவு 8:30

// கடன் வாங்க வேண்டாம் தம்பி //

மன்னிக்கவும், இதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது. இப்படி "எம்.ஆர்.ஐ வேண்டாம், எக்ஸ்ரே போதும்" என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பல மாதம் வீணானது.

என் மனைவிக்கு 54 வயது. துணி துவைத்துவிட்டுக் குந்தின நிலையிலிருந்து எழுந்தபோது முட்டிக்குப் பின்னால் 'பட்'டென்று ஒரு சத்தம். அந்த நிமிடத்திலிருந்து கால் ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆரம்பத் தேய்மானம், இந்த வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை தீரும், வலி தீராது. திரும்பப் போனால் அதே மாத்திரை. கடைசியில் நானே அடம்பிடித்து எம்.ஆர்.ஐ எடுத்தேன். உள்பக்க மெனிஸ்கஸ் எலும்போடு சேரும் பின் வேர் அறுந்திருந்தது. மெனிஸ்கஸ் வெளியே நழுவியிருந்தது, எலும்புக்குள் நீர்க்கோர்ப்பு. முதல் வாரமே பார்த்திருந்தால் தைத்திருக்கலாம் என்று பிறகு பார்த்த மருத்துவர் சொன்னார். இப்போது தேய்மானம் வேகமாகிவிட்டது.

அதனால் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ வேண்டாம் என்று பொதுவாக எழுதாதீர்கள். படிக்கிறவர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம்.

ஆர்த்தோ_பிஜி
திங்கள், இரவு 11:40

ராணிப்பேட்டை அண்ணா சொல்வது மிக முக்கியம். நான் எலும்பு மூட்டு மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். அந்த 'பட்' என்ற சத்தத்தையும் முட்டிக்குப் பின்னால் வலியையும் நடுத்தர வயதுப் பெண்களிடம் அடிக்கடி கேட்கிறோம். தரையில் உட்கார்ந்து, குந்தி வேலை செய்கிற நம் ஆட்களிடம் இந்த வேர்க்கிழிசல் வருவது தெரிந்த விஷயம். மெனிஸ்கஸ் வேர் அறுந்தால் எடையைப் பரப்பித் தாங்கும் வேலை நின்றுவிடும். முழு எடையும் குருத்தெலும்பில் இறங்கும். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. அங்கே எம்.ஆர்.ஐ சீக்கிரம் எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் அது வேறு கேள்வி, பாலாற்றங்கரை கேட்டது வேறு கேள்வி. திடீரென்று ஒரு நாளில் வந்த கடும் வலி, முட்டி பூட்டிக்கொள்வது, எக்ஸ்ரேயில் தெரிவதற்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருப்பது, இரவில் தூங்க விடாத வலி, காய்ச்சலோடு வீக்கம், இதெல்லாம் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், எக்ஸ்ரேயோடு நிற்கக்கூடாது. வருடக்கணக்கில் மெதுவாகக் கூடிய வலி, நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் தெளிவான தேய்மானம் என்றால், எம்.ஆர்.ஐ புதிதாகச் சொல்லி சிகிச்சை மாறப்போவது பெரும்பாலும் இல்லை.

தேவையில்லாமல் எடுப்பதில் பண நஷ்டத்தைவிட ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் ஊரில், எக்ஸ்ரேயில் தேய்மானமே இல்லாத, 50 வயதுக்கு மேற்பட்ட 710 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். 2012-இல் வெளியானது. 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. வலி இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். அதே ஊரில் அதற்கு முன் செய்த ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ இருந்ததே இல்லை. ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டுமா என்று அழுதுகொண்டு வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது எளிதாக இல்லை.

ராணிப்பேட்டைக்காரன்
செவ்வாய், காலை 7:05

இப்படிப் பிரித்துச் சொன்னால் சரி டாக்டர். நான் கேட்டது இதைத்தான்.

இயன்முறை_அக்கா
செவ்வாய், காலை 10:30

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மா என்ன சொன்னார்? குந்தினால் எழ முடியவில்லை, முதல் நாலு அடி கால் கேட்கவில்லை. தேய்மானத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றால் இதையும் எழுதி வைக்க வேண்டும். படத்தில் மோசமாக இருந்து நன்றாக நடப்பவர்களும் இருக்கிறார்கள், படம் சுமாராக இருந்து படியேற முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

தம்பி, ஒரு சாதாரண நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். அம்மா கைகளை மார்பில் கட்டிக்கொள்ளட்டும். போனில் 30 வினாடி வைத்து, எத்தனை முறை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். இது உலகம் முழுக்க மூட்டு நோயாளிகளுக்குச் செய்கிற சோதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில், காலையானால் காலையிலேயே செய்யுங்கள். கூடவே எழுந்ததும் எத்தனை அடிக்குப் பிறகு கால் வழிக்கு வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பீடி சுற்றுகிறாரா? சுற்றுகிறார் என்றால் தரையில் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை ஒரு ஸ்டூலில் வைத்துக்கொள்ளட்டும். முதல் வாரம் கை வேகம் குறையும், திட்டுவார், பிறகு பழகிவிடும். தொடைத் தசைக்கான பயிற்சி கட்டாயம். எடை அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே நல்லது. 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்கும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், செலவில்லை.

குழித்தறி
செவ்வாய், இரவு 9:00

காட்பாடி தம்பிக்கு ஒரு கேள்வி. அமெரிக்காக்காரர் முட்டி 4,796 என்றீர்கள். இங்கிலாந்து டாக்டர் போட்ட கிரேடு என்றீர்கள். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். எங்கள் முட்டி அப்படியா? குழியில் மிதித்தது, குந்திச் சாப்பிட்டது, குந்தி வேலை பார்த்தது, சோளிங்கர் மலையில் 1,305 படி ஏறியது. அவர்கள் முட்டியைப் பார்த்துப் பழகின மெஷின் என் முட்டியைப் பார்த்தால் சரியாகச் சொல்லுமா?

காட்பாடி_பிக்சல்
செவ்வாய், இரவு 11:20

ஐயா, இந்த இழையிலேயே பெரிய கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். சரியாகச் சொல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

2021-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் முட்டி வலி அதிகம் என்று சொல்கிறார்கள், எக்ஸ்ரே கிரேடு வெள்ளையர்களைப் போலவே இருக்கிறது. அப்படியானால் அந்த வலிக்குக் காரணம் முட்டிக்கு வெளியே இருக்கிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். இந்தக் குழு கணினிக்கு டாக்டர் போட்ட கிரேடைக் கற்றுக்கொடுக்காமல், நோயாளி தன் வாயால் சொன்ன வலியைக் கற்றுக்கொடுத்தது. வழக்கமான கிரேடு அந்த வலி வித்தியாசத்தில் 9 சதவீதத்தைத்தான் விளக்கியது. கணினி அதே எக்ஸ்ரேயிலிருந்து 43 சதவீதத்தை விளக்கியது. வலிக்கான தடயம் முட்டியிலேயே இருந்திருக்கிறது, 1957 அளவுகோலுக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை. கணினி அதைக் கற்றதற்குக் காரணம், பயிற்சிப் படங்களில் எல்லா வகை மக்களும் இருந்தார்கள். சிறுபான்மை மக்களின் படங்களை எடுத்துவிட்டால் திறமை குறைந்தது.

குந்துவதைப் பற்றியும் ஆதாரம் இருக்கிறது. பெய்ஜிங் முதியவர்களிடம் 2004-இல் வெளியான ஆய்வில், இளவயதில் நாளுக்குப் பல மணி நேரம் குந்தியவர்களுக்கு முட்டித் தேய்மானம் அதிகமாக இருந்தது. குந்தும்போது பாரம் இறங்கும் இடமே வேறு. முட்டிச்சில்லுக்குப் பின்பக்கமும் தொடை எலும்பின் பின்பகுதியும் வேலை செய்கின்றன. நேராக நிற்க வைத்து எடுத்த படத்தில் அந்த இடங்கள் சரியாக வராது. சில்லுக்கு என்று தனியாக, முட்டியை மடக்கி மேலிருந்து எடுக்கும் 'ஸ்கைலைன்' படம் உண்டு. நம் ஊரில் அதை அதிகம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வேலூரை நினைத்துப் பாருங்கள். 1900-த்தில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையை நம்பி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள். குடியாத்தத்தில் தறியும் பீடியும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வேலை, சுற்றிலும் விவசாயக் கூலி. குந்தி, மிதித்து, சுமந்து உழைத்த முட்டிகள் இத்தனை ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒரே முறையில் படம் எடுத்து, சம்மதம் வாங்கி, பெயரை நீக்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து, கூடவே அவர்கள் சொல்லும் வலியையும் இயன்முறை அக்கா சொன்ன நாற்காலிக் கணக்கையும் சேர்த்து வைத்தால், நம் முட்டி எப்படித் தேய்கிறது என்று நாமே சொல்லலாம். இதற்குப் பெரிய மெஷின் முதலில் தேவையில்லை. நிற்க வைத்து, விரல் நுனியும் தொடையும் ஒட்டி எடுத்த ஒழுங்கான எக்ஸ்ரே போதும் தொடங்குவதற்கு.

எக்ஸ்ரே_அறை
புதன், காலை 6:50

இது நடந்தால் என் பங்குக்கு நான் வருகிறேன். பாதம் வைக்க ஒரு மரப்பலகையில் 10 டிகிரி கோடு போட்டு மாட்டினால் போதும், எந்தச் சின்ன சென்டரிலும் ஒரே மாதிரி எடுக்கலாம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

பாலாற்றங்கரை
சனி, மாலை 5:25

எல்லோருக்கும் நன்றி. இன்று அம்மாவை அழைத்துப்போய், எக்ஸ்ரே அக்கா எழுதியதைப் போனில் காட்டி, அதே மாதிரி நிற்க வைத்து எடுக்கச் சொன்னேன். அங்கிருந்த பையன் பொறுமையாக அம்மாவின் பாதத்தைத் திருப்பி வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டே எடுத்தான். வலது பக்கம் கிரேடு 3 என்று வந்திருக்கிறது. உள்பக்க இடைவெளி வலது 2.3 மி.மீ, இடது 3.8 மி.மீ என்று எழுதி வாங்கியிருக்கிறேன். சிடியும் வாங்கிவிட்டேன். மருத்துவர் பார்த்துவிட்டு இப்போது எம்.ஆர்.ஐ வேண்டாம், பயிற்சியும் எடைக்குறைப்பும் முதலில் என்றார். நாற்காலியில் 30 வினாடிக்கு 7 முறை எழுந்தார் அம்மா. எண்ணெய்க்காரரிடம் இந்தப் படத்தைக் காட்டினேன், பேசவில்லை.

இரண்டு கேள்வி பாக்கி. அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு ஆபத்து இல்லையா? அப்புறம், அடுத்த படம் எப்போது?

எக்ஸ்ரே_அறை
சனி, இரவு 7:10

7 என்பது நல்ல தொடக்கம் தம்பி, அது கூடும்.

முட்டி எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.005 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மேலும் எந்நேரமும் விழுகிற இயற்கைக் கதிர்வீச்சில் ஒரு நாள் அளவுகூட ஆகாது. பயம் வேண்டாம். அதற்காக மாதா மாதமும் எடுக்க வேண்டாம், அவ்வளவு சீக்கிரம் எதுவும் தெரியாது.

ஒரு வருடம் கழித்து மருத்துவர் எழுதினால், இன்று எடுத்த அதே இடத்துக்குப் போங்கள். சிடியைக் கையோடு கொண்டுபோய், "போன தடவை மாதிரியே எடுங்க" என்று சொல்லுங்கள். சிடி உறையின் மேல் இன்றைய தேதி, நின்று எடுத்தது, முட்டி மடக்கி எடுத்தது, குழாய் 10 டிகிரி என்று பேனாவால் எழுதி வையுங்கள். நடுவில் திடீரென்று வலி கூடினாலோ, 'பட்'டென்று சத்தம் கேட்டாலோ வருடத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.